உலகம்மாளின் நினைவுப் பக்கம்

வியாழனின் கனிமீடு நிலவின் மீதும் அதன் பனிக்கடியில் ஒளிந்து கிடக்கும் கடலின் மீதும் ஆணை: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி.

அந்த நிலவில் புதுப் பாளைக் குடியிருப்பின் தம்பதிகள், காலைக் காப்பி குடித்ததும் ஒட்டுநிலை பார்ப்பார்கள், இருவர் நினைவும் எவ்வளவு ஒட்டிப்போகிறது என்று. அங்கே யாரும் மண்டைக்குள் நினைவை வைத்துக்கொள்வதில்லை, இடம் போதாது. பனிக்கடியில் நான்கு கிடங்குகளில் அது பக்கம் பக்கமாகக் கிடக்கும். இரண்டு பேருடைய பக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தால், ஒன்றை அழித்துவிட்டு மற்றதை இருவருக்கும் பொதுவாக்கிவிடும் கிடங்கு. யாராவது அதில் கை வைத்து எதையாவது மாற்றினால் அவருக்கு மட்டும் தனிப் படியாக ஒரு நகல் விழும். ஊரே பகிரும் பக்கத்துக்கு நான்கு கிடங்கிலும் படி உண்டு, கூப்பிட்டதும் ஓடிவரும். ஒற்றை ஆளின் பக்கம் கடைசிக் கிடங்கின் மூலையிலிருந்து ஆடி அசைந்து வரும்.

ஜாதகப் பொருத்தம் போய், இந்த ஒட்டுநிலைதான் அங்கே கல்யாணத்துக்கு மரியாதை. அறுபதாம் கல்யாண மேடையில் உரக்க அறிவிப்பார்கள்.

கோமதிநாயகம் தன் அறுபதாம் கல்யாணத்துக்காக முழுச் சோதனை போட்டபோதுதான் அந்த ஒரு பக்கம் பிரிந்து கிடப்பதைப் பார்த்தார். போயும் போயும் அந்தப் பக்கம்! கல்யாணமான புதிதில் பனிவண்டி நடுவழியில் பழுதாகி, காற்று தீர்ந்தபோது, தன் மூச்சுக்கூட்டைக் கழற்றி மனைவிக்கு மாட்டிவிட்டாரே, அது. அவர் அதைச் சொல்லாத விருந்து கிடையாது.

"கட்டினவனுக்கே துரோகமாட்டி? எதை மாத்துன?"

உலகம்மாள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "நான் ஒண்ணையும் தொடல. சந்தேகம்னா கிடங்குல போயிக் கேப்போம், வாங்க."

கிடங்கு அதிகாரி ஆவுடையப்பன் திரையைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"அண்ணாச்சி, மதினிகிட்ட இருக்கதுதான் மூலம். தனிப் படி உங்களுக்குல்லா விழுந்திருக்கு."

மூலத்தை ஓடவிட்டான். இளம் கோமதிநாயகம் "யம்மா, செத்தேன்" என்று அலறிக்கொண்டிருந்தார். உலகம்மாள் தன் மூச்சுக்கூட்டைக் கழற்றி அவருக்கு மாட்டினாள். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவர் அதை விடவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சங்கொஞ்சமா எழுதிட்டீங்க. சகஜந்தான், அண்ணாச்சி."

கோமதிநாயகம் மனைவி பக்கம் திரும்பினார். "இவ்வளவு வருசமா வாயத் தொறக்காம இருந்திருக்கியே! எம்புட்டு நெஞ்சழுத்தம்!"

"நிசம் என்கிட்ட பத்திரமா இருக்குன்னுதான் சும்மா இருந்தேன். நீங்க ஊருக்கு என்ன சொன்னா எனக்கென்ன?"

"தம்பி, இத ஒட்ட வைக்க வழி உண்டா?"

"ஒண்ணு, நீங்க மதினி பக்கத்தை ஏத்துக்கிடணும். இல்லேன்னா பெரும்பான்மை விதி. உங்க படியை விருந்துக்கு வந்த சனமெல்லாம் பகிர்ந்து வச்சிருக்கு, மதினி ஒத்த ஆளு. அவங்க பக்கத்தை அழிச்சிரலாம். இன்னைக்கு இங்க பேசினதும் அவங்களுக்குச் சேர்ந்தே போயிரும்."

"வேண்டாங்க." உலகம்மாள் அவர் கையைப் பிடித்தாள். "எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெரும்பான்மைப்படியே போட்ருங்க, தம்பி."

மேடையில் ஒட்டுநிலை பழுதின்றி அறிவிக்கப்பட்டது. கைதட்டல் ஓய்ந்ததும் வழக்கம்போல் பனிவண்டிக் கதையைச் சொன்னார். உலகம்மாளுக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது.

"எனக்காக மூச்சையே கழட்டிக் கொடுத்த மனுசன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். யோசிக்கவே இல்லை, சட்டென்று வந்தது.

கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அது பொய் என்று சண்டை பிடிக்கக்கூட இனி வீட்டில் ஆளில்லை. மறுநாள் தனியாகக் கிடங்குக்குப் போய், தான் அங்கே பார்த்த மூலத்தின் நினைவையும் அழித்துவிட்டு வந்தார். ஆவுடையப்பனும் மரியாதைக்குத் தன் நினைவிலிருந்து அதை எடுத்துவிட்டான்.

பார்த்த மூவரும் அழித்துவிட்ட இந்த வரலாற்றை இன்று புதுப் பாளை முழுவதும் பகிர்ந்து வைத்திருக்கிறது, நேரில் பார்த்த நினைவாக.