மேற்குக் காற்று எங்கே போனது?

வானிலை ஆராய்ச்சியாளரான அந்த அம்மா துப்பறிவாளரின் அறையில் உட்காருவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"காத்து வருஷா வருஷம் குறையுதுன்னு கட்டுரை எழுதினேன், சார். என் வாழ்நாள் உழைப்பே அதுதான். பக்கத்து நிலையத்துல அப்படி எதுவும் குறையலையாம். எங்க மலை நிலையத்துல அளவு எடுக்கிறவர் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கார். அதை நீங்க நிரூபிச்சா என் பேர் தப்பிக்கும்."

"அவர் வேலை என்னாகும்?"

"போயிடும்," என்றார் தரையைப் பார்த்தபடி.

"நீங்க கடைசியா அங்க எப்போ போனீங்க?"

"பல வருஷமாச்சு. அளவெல்லாம்தான் என் மேசைக்கே வருதே."

துப்பறிவாளரின் மச்சினனுக்குக் கை துறுதுறுத்தது. வழக்கு என்றாலே யாரையாவது பிடித்துக் கொடுக்கவேண்டும் அவனுக்கு. "ஆள் கிடைச்சாச்சு, அத்தான். சோம்பேறிப் பய."

அத்தான் மதியம் முழுக்க அளவுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "மேற்குக் காத்து மட்டும்தான் குறையுது. குளிர் மாசங்கள்ல அதுவும் குறையல. சோம்பேறின்னா குளிர்லதானேடா வெளியே போகாம பொய் எழுதுவான்?"



மறுநாள் மூவரும் மலை நிலையத்துக்குப் போனார்கள். நல்ல குளிர். புல்வெளியில் காற்றுமானியின் கிண்ணங்கள் வேகமாகச் சுழன்றன. அதற்கு மேற்கே, ஓர் இலைகூட இல்லாமல் ஒரு பெரிய மரம். அத்தான் நேராக அதனடியில் போய் நின்றார்.

"மொட்டை மரத்துல என்ன இருக்கு, அத்தான்?"

"இப்போ மொட்டை. மத்த மாசமெல்லாம் இலை அடர்ந்து மேற்குக் காத்தை மறிச்சுடும். மரம் வருஷா வருஷம் வளருது, காத்து வருஷா வருஷம் குறையற மாதிரி தெரியுது. அளவு எடுத்தவர் கருவி காட்டினதைத்தான் எழுதியிருக்கார்."

"அப்போ மரத்தை நட்டவன்தான் குற்றவாளி," என்றான் மச்சினன், விடாமல்.

அளவு எடுப்பவர் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். மரத்தை நட்டது யாரென்று அத்தான் கேட்டதற்குத் தயங்காமல் சொன்னார்: "மேடம்தான் சார். இங்க சேர்ற ஆராய்ச்சியாளர் ஆளுக்கு ஒரு மரக்கன்னு வைக்கிறது வழக்கம். தினமும் தண்ணி விடச் சொன்னாங்க, விட்டேன்."

மச்சினனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. அவமானம்தான், ஆனால் அவர் ஓடி ஒளியவில்லை.

"உங்க மேல புகார் எழுதி வச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க," என்றார் அளவு எடுப்பவரிடம். "கட்டுரையை நானே வாபஸ் வாங்கறேன். தப்பு என்னோடதுன்னு வாபஸ் கடிதத்துல எழுதறேன்."

அவர், "உள்ள வாங்க மேடம், வெளியே குளிருது," என்று கதவைத் திறந்துவிட்டார்.