மீதமுள்ள இடம்

கணினியை முதல் தடவை போட்டபோது எண் சரியாகத்தான் வந்தது. இரண்டாம் தடவை போட்டபோது ஆறு குறைந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்து லட்சத்துச் சொச்சத்தில் ஆறு என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் இல்போ பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் திரையைப் பார்த்து வளர்ந்தவன். விசைப்பலகையும் கணினியும் ஒரே பழுப்புப் பெட்டியாக, டிவியில் செருகினால் நீலமாக விழித்துக்கொள்கிற அந்தப் பழைய சாமானை இந்த இலையுதிர்காலத்தில்தான் பரணிலிருந்து இறக்கியிருந்தான். கசிந்துபோன கண்டென்சர்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை வைத்தான். கேசட் பெட்டிக்குப் பதிலாக ஒரு கார்டு ரீடரைப் பொருத்தினான். கடைசியாக, தானே வரைந்து செய்த ஒரு பச்சைப் பலகையில் புது மெமரி சிப்புகளை ஏற்றினான். எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று போட்டவுடனே திரை ஒரு வரி காட்டும். உள்ளே எதையும் ஏற்றாதபோது அந்த எண் குறையக் கூடாது. ஆறு எழுத்துக்கான இடத்தில் ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது.

ஔலு நகரத்தில் இருக்கும் ஆர்வோவுக்குப் போன் போட்டான். ஆர்வோவுக்கும் இதே பைத்தியம். வீட்டில் இதே மாதிரிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பவன்.

"சிப் ஒண்ணு செத்திருக்கும்டா," என்றான் ஆர்வோ.

"எல்லாம் புதுசு. ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்துட்டேன்."

"அப்ப உன் கைதான் செத்திருக்கும். ஈயம் வைக்கச் சொன்னா கஞ்சி ஊத்துறவன்தானே நீ."

இல்போ சிரித்துவிட்டு வைத்தான். பிற்பகல்தான், ஆனாலும் சூரியன் போய்விட்டது. டிசம்பரில், வடக்கத்தி ஊரான புவோலாங்காவில் பகல் அவ்வளவுதான். மேசைமேல் உருகிய ஈயத்தின் பிசின் வாசமும் டிவியின் சூடேறிய தூசி வாசமும் கலந்து நின்றன. டிவி காதுக்கு எட்டியும் எட்டாத ஒரு மெல்லிய விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. உறைபனி இறுக இறுகச் சுவரின் மரக்கட்டைகளில் ஒன்று துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தமிட்டு அடங்கியது.

"இல்போ," என்று சமையலறையிலிருந்து மனைவி ரய்யா கூப்பிட்டாள். "அதை எங்க வச்ச?"

"எதை?"

"அதான்... காபி ஊத்திக் குடிக்கிறது."

"கோப்பையா? சரியாப் போச்சு. இந்த வாரம் இதையே போடு. காபி ஊற்றிக் குடிப்பது, ஐந்தெழுத்து."

ரய்யா கயானி நகரத்துச் செய்தித்தாளுக்கு வாராவாரம் குறுக்கெழுத்துப் புதிர் கட்டிக்கொடுப்பவள். ஊரில் யாரும் வாயில் வைக்காத சொற்கள்கூட அவளிடம் தயாராக இருக்கும். அவளைச் சீண்டினால் சுடச்சுடப் பதில் வரும். அன்று வரவில்லை. வாயில் போட்டுச் சுவை பார்ப்பதுபோல், "கோப்பை," என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஐந்து எழுத்து. பின்னால் ஒரு இடைவெளி, ஆக ஆறு. அந்தக் கணக்கு அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் எண் குறைந்துகொண்டே வந்தது. கணினி சும்மா கிடந்தாலும் குறைந்தது. ஒருநாள் மாலை பொறுக்க முடியாமல், நிரம்பிய இடத்தில் இருப்பதை எழுத்துகளாகக் காட்டச் சொல்லி நாலைந்து வரியில் ஒரு நிரல் எழுதி ஓட்டினான். குப்பையான குறிகள்தான் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தவை சொற்கள்.

கோப்பை. துண்டு. படிக்கட்டு. ஹெஸ்ஸு. தோள்.

ஹெஸ்ஸு அவர்கள் நாயின் பெயர்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். ரய்யா அடுப்பருகே நின்று கம்பு ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலடியில் படுத்திருந்தது.

"என் கணினியில நீ ஏதாவது தட்டினியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"சரி. இவன் பேர் என்ன, சொல்லு."

அவள் நாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாய் வாலை ஆட்டியது. கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

"விளையாடாத இல்போ," என்றாள். "ரெண்டு நாளா தேடிக்கிட்டு இருக்கேன். உன்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு."

அவன் ஓடிப்போய்க் கணினியையும் டிவியையும் அணைத்தான். விசில் அறுந்தது. திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கிச் செத்தது. மறுபடி போட்டான். எண் முழுசாக இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து, "இது என்ன?" என்றான். தெரியவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். "கோப்பை," என்றான். அவளும் சொன்னாள், ஆனால் வேற்றுமொழிச் சொல்லை வாய்க்குள் உருட்டுகிறவள்போல. மறு நிமிடம் அதுவும் போய்விட்டது. அதன்பின் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் அந்தச் சொல் அவளிடம் நிற்கவே இல்லை.

கணினியின் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிப் போட்டான். அப்படியும் அவளிடமிருந்து சொற்கள் போய்க்கொண்டே இருந்தன. கயானி ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில், இருபக்கமும் பனி சுமந்து கூனி நின்ற மரங்களைப் பார்த்தபடி ரய்யா சொன்னாள்:

"அந்தப் பெட்டியைப் போடு."

"என்ன சொல்ற?"

"அது ஓடினப்போ போனதெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சுன்னு நீதானே சொன்ன. இப்பப் போறது எங்க போகுது?"

வீட்டுக்கு வந்து போட்டான். காலையில் திரையில் பதினேழு சொற்கள். திரையைப் பார்த்து அவன் வாசிக்க வாசிக்க, ஒவ்வொன்றையும் அவள் கையில் வாங்குகிறவள்போல் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கு அவை அவளிடம் இருந்தன. "ஜன்னல்," என்று ஜன்னலைக் காட்டிச் சொல்லி அழுதாள். பெட்டி ஓடும்போது மட்டும் ஏன் சொற்கள் திரும்புகின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டிதான் அவளைத் தின்கிறதா, இல்லை தின்கிற வேறொன்றின் வாயிலிருந்து சிந்துவதைப் பிடித்து வைக்கிறதா என்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். அணைத்தால் உள்ளே இருப்பது போய்விடும். கார்டில் பதிந்து வைத்துப் பார்த்தான். திறந்தால் வெற்றுக் கோப்பு. தாளில் எழுதிக் கொடுத்தான். அவளுக்கு அது கோடுகளாகத்தான் தெரிந்தது.

"அணைச்சுடாத," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்குள்ள இருக்கிற வரைக்கும் நான் எங்கயோ இருக்கேன்."

ஆனால் இடம் குறைந்துகொண்டிருந்தது. ரய்யாவிடம் அவ்வளவு சொற்கள் இருந்தன.

இல்போ மெமரி சேர்க்க ஆரம்பித்தான். பரணிலிருந்த எல்லாப் பெட்டிகளையும் உடைத்துச் சிப்புகளை எடுத்தான். ஆர்வோ தன்னிடம் இருந்ததைப் பஸ்ஸில் பார்சல் போட்டான்.

"இவ்வளவு மெமரி எதுக்குடா உனக்கு? ராக்கெட் விடப் போறியா?"

"ரய்யாவுக்கு."

"அவளுக்கு நல்லதா ஒரு கம்பளி கோட்டு வாங்கிக் குடு. சந்தோஷப்படுவா."

இல்போ போனை வைத்துவிட்டான்.

அணைக்கக் கூடாது என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே பற்றவைக்க வேண்டியிருந்தது. மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வியர்வை கண்ணில் இறங்க இறங்க, பற்றவைக்கும் கோலின் சூடான முனையைச் சிப்பின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவான். முனை அரிசி அளவு நகர்ந்தால் போதும், எல்லாம் போய்விடும். அவள் சிரிப்பதற்கான சொல், அழுவதற்கான சொல், அவர்கள் முதலில் சந்தித்த ஏரியின் பெயர், எல்லாம். ஒரு பலகைமேல் இன்னொரு பலகை, அதன்மேல் இன்னொன்று. பெட்டிக்குள்ளிருந்து பச்சைப் பலகைகள் அடுக்கடுக்காக வெளியே வளர்ந்தன. இடையிடையே செம்புக் கம்பிகள் மயிர்போல் தொங்கின. தொட்டால் காய்ச்சல்காரனின் நெற்றிபோல் சுட்டது. ஒவ்வொரு பலகை ஏறியதும் எண் ஒரு துள்ளு ஏறும். இல்போ மூச்சு விடுவான். பிறகு எண் முன்பைவிட வேகமாக இறங்கும். கிடைக்கிற இடத்துக்கு ஏற்ற வேகம். அதை அவன் கவனித்தான். கவனித்ததை அவளிடம் சொல்லவில்லை.

ரய்யா பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு அவன் பின்னாலேயே ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவன் வாசிப்பதை உதட்டால் பின்தொடர்வாள்.

பனியின் பாரத்தை மரங்கள் தாங்காது, முறிந்து மின்கம்பிமேல் விழும் என்று அவனுக்குத் தெரியும். காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி மேசைக்கடியில் வைத்து, கணினி, டிவி, பற்றவைக்கும் கோல் மூன்றையும் முன்கூட்டியே அதில் இணைத்திருந்தான். ஒருநாள் பிற்பகல், இருட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது, காட்டுக்குள் ஒரு நீண்ட முறிவுச் சத்தம் கேட்டது. பிறகு மெத்தென்று ஏதோ விழுந்தது. வீட்டு விளக்குகள் அணைந்தன. குளிர்பதனப் பெட்டியின் முனகல் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை.

நீலத் திரை மட்டும் எரிந்தது.

இல்போ பேட்டரிமேல் கை வைத்துப் பார்த்தான். இரண்டு மணி நேரம் வரும். மூன்றுகூட வரலாம். அதற்குள் மின்சாரம் வரவேண்டும். வரும். கடைசிப் பலகை இன்னும் பாக்கி. அதையும் ஏற்றிவிட்டால் போதும். அவளிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கொஞ்சம்தான் இருக்க முடியும். கோல் சூடேறும்வரை திரையைப் பார்த்து வாசித்தான்.

"பனி. உப்பு. கை."

பின்னால் அவள் உதடுகள் ஒட்டிப் பிரியும் ஈரச் சத்தம்.

"அக்கா. வா. வேண்டாம்."

எண் இறங்கியது. நூறுகள். பத்துகள்.

"ரய்யா," என்று வாசித்தான்.

பின்னால் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தான். நீல வெளிச்சத்தில் அவள் முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பயம்கூட இல்லை அதில். "ரய்யா," என்று மறுபடி கத்தினான். நாற்காலியிலிருந்து எழுந்து அவள் தோளை உலுக்கினான். கண்கள் அவனைத் தாண்டித் திரையையே பார்த்தன.

இல்லை. இன்னும் ஒரு பலகை. ஏறிவிட்டால் இடம் இருக்கும். இடம் இருந்தால் எல்லாவற்றையும் வாசித்துக் கொடுக்கலாம். முதலிலிருந்து. ஒவ்வொன்றாக. ராத்திரி முழுக்க. அவன் உட்கார்ந்தான். கோலை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்தான். முதல் கால். இரண்டாவது. ஈயம் மின்னியது. மூன்றாவது.

எண் ஏறியது.

உடனே இறங்கத் தொடங்கியது.

அவளிடம் இனி எதுவும் இல்லையே என்று நினைத்தான். நிமிர்ந்தான். திரையில் புது வரி.

ஈயம். கண்டென்சர். பலகை.

இவை ரய்யாவின் சொற்கள் அல்ல, அவனுடையவை.

கையைப் பார்த்தான். கையில் ஏதோ இருந்தது. நீளமாக. முனையில் புகை. அதற்கு ஒரு பெயர் உண்டு. காலையில்கூடத் தெரியும். அதை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். எங்கே வைக்க வேண்டும்? எதன்மேல்? கருகும் வாடை வந்தது. அவன் விரல்தான் கருகிக்கொண்டிருந்தது. வலித்தது. வலிக்கும்போது கத்த ஒரு சொல் உண்டு. அதுவும் திரையில் வந்து நின்றது.

பிடுங்கிப் போடு. கம்பியைப் பிடுங்கு. எந்தக் கம்பி? எது கம்பி?

அவன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான். உதவி கேட்க வாயைத் திறந்தான். அவளும் திறந்தாள். திரையின் மூலையில், அடுத்த எழுத்துக்கு இடம் காட்டும் சின்னச் சதுரம் எரிந்து அணைந்து எரிந்தது. எரிந்தபோது அவள் வாய் திறந்தது. அணைந்தபோது மூடியது. எரிந்தது. திறந்தது. அணைந்தது. மூடியது.

இருட்டில் உட்கார்ந்தபடி அவன் வாயும் அவள் வாயோடு சேர்ந்து திறந்தது. மூடியது. திறந்தது.