மாமனார் பெயரைச் சொல்!

"திருடி! அவளை விடாதே... பிடி!"

உதவித்தொகை அலுவலகமே அதிர்ந்தது.

தரையில் ஒட்டிய வட்டங்களுக்குள் ஆளுக்கொருவராய் நின்ற கூட்டம், மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டியது.

எல்லாக் கண்ணும் கனிபா மேல்!

கனிபா தராஸ் நகரத்துக் கல்யாண மண்டபத்தில் சமையல்காரி. கொரோனா வந்தது. கல்யாணம் நின்றது. அடுப்பும் அணைந்தது.

வேலை போனவர்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறதாம். வீட்டில் மாவு மூட்டை தரை தட்டிய அன்று விண்ணப்பித்தாள். பதில் வந்தது... 'ஏற்கெனவே வழங்கப்பட்டது!'

எங்கே வழங்கினீர்கள் என்று கேட்க வந்தால், திருடியாம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தியவள் அக்மாரல். மேலதிகாரி. சம்பளம் ஒரு நாளும் நின்றதில்லை. அதனால் குரலும் நிற்கவில்லை.

"போன வாரம் நீயேதானே போன் பண்ணி, பணத்தை வேற கார்டுக்கு மாத்தச் சொன்னே? வாங்கித் தின்னுட்டு மறுபடி கை நீட்டறியா?"

"என் போன்ல காசே இல்ல மேடம். எங்கேருந்து பண்ணுவேன்?"

"போலீஸ்ல சொல்லு!"

இன்ஸ்பெக்டர் துலாத் வந்தான். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள்.

"உயிரோடதான் இருக்கேன், விடுய்யா... என்ன மேடம், யாரு திருடி?"

"இவதான்! ரெக்கார்டிங் இருக்கு, கேளுங்க!"

ஓடவிட்டாள். கரகரத்த ஒரு பெண் குரல்.

"என் பேர் கனிபா. கார்டு மாத்தணும்."

"நீங்கதான்னு உறுதி பண்ண, மாமனார் பேர் சொல்லுங்க," என்றான் ஆபரேட்டர்.

"பெக்தேமிரோவ் ஷைமுராத்."

கனிபா சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள்!

"என்னக்கா... பயமா?"

"வெக்கமா இருக்கு தம்பி. பெரியவர் பேரை, ஒரு மருமக வாயால... இப்படியா போட்டு உடைப்பாங்க?"

"அது உங்க மாமனார் பேர்தானே?"

"ம்."

"எங்கே, நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

"மாட்டேன்."

"சொல்லலேன்னா கைதுக்கா!"

"பண்ணிக்க. ஆஸ்பத்திரியில அவருக்குச் சீட்டு வாங்கறப்பகூட, அவர் அட்டையைக் காட்டி, பக்கத்துல நின்ன ஆளைத்தான் படிக்கச் சொன்னேன். இவளுக்காகவா சொல்லுவேன்?"

"நடிப்பு சார்! எந்தக் காலத்துல இருக்கா இவ?" அக்மாரல் சிரித்தாள்.

துலாத் தலையாட்டினான்.

"சரி மேடம். பெரியவரையே விசாரிச்சிடுவோம். வெளியே கூட்டத்துல நிக்கறாராம்... மைக்ல கூப்பிடுங்க."

நாள் முழுக்கப் பெயர் கூப்பிட்டே பழகிய வாய்! யோசிக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

"பெக்தேமிரோவ் ஷைமுராத்!"

ஒலிபெருக்கி கரகரத்தது.

அதே குரல்... அதே இழுப்பு!

எல்லாக் கண்ணும் கண்ணாடிப் பக்கம் திரும்பியது.

"தம்பி, அவர் வீட்டுலதானே படுத்திருக்கார்?" என்றாள் கனிபா.

"இருக்கட்டும்க்கா. எங்கம்மா, மாமனார் பேரே இருக்குன்னு பால்காரனைக்கூட 'அந்த வெள்ளை ஆளு'ம்பாங்க. மருமகள்னா அப்படி. அதுவும் குடும்பப் பேர் முன்னாடி, சொந்தப் பேர் பின்னாடி... வீட்ல எவ சொல்லுவா? ஆபீஸ்ல சொல்லுவாங்க. இல்லையா மேடம்?"

அக்மாரலின் மாஸ்க் உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது.

"அந்தக் கார்டு யாரோடதுன்னு பேங்க்ல கேக்கட்டுமா? நீங்களே சொல்றீங்களா?"

"எ... என் தங்கச்சியோடது..."

"இப்படி எத்தனை பேர் பணம்?"

அக்மாரல் தலை குனிந்தபடியே போய் போலீஸ் வேனில் ஏறினாள்.

கனிபா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"தம்பி! என் பணம்?"

"அது இனிமே வழக்குச் சொத்துக்கா. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"புதுசா விண்ணப்பம் போட்டா?"

"'ஏற்கெனவே வழங்கப்பட்டது'ன்னுதான் வரும்."

"சரி, தீர்ப்பு எப்போ?"

"கோர்ட்டே பூட்டிக் கிடக்குக்கா..."

கனிபா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அக்மாரல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்கு உள்ளே சாப்பாடு உண்டா?"

"மூணு வேளையும். சனிக்கிழமைன்னா கறி."

கனிபா ஏறினாள். அக்மாரலை இடித்துத் தள்ளி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன்ல பேசினது நான்தான் தம்பி! இவ ஒரு பாவமும் அறியாதவ... இறக்கி விட்டுட்டு வண்டிய எடு. இன்னிக்குச் சனிக்கிழமை!"