பொட்டு வைத்த டிஸ்க்

போளூரில் பஞ்சாட்சரத்தின் வீட்டு வாசலில் வந்து விழுந்தாள் வடிவு. "எம் புருசன் கொல பண்ணலீங்க! நீங்கதான் காப்பாத்தணும்!"

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் ஸ்டுடியோக்காரர் சிங்காரத்தைக் கொடுவாளால் கழுத்திலும் முகத்திலும் கொத்திப் போட்டிருந்தார்கள். கொடுவாள் வடிவின் கணவன் கோவிந்தனுடையது. முந்தின நாள் சந்தையில் இருவரும் கட்டிப் புரண்டதை ஊரே பார்த்தது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்? அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரான பஞ்சாட்சரம், உதவியாளர் சசிகலாவுடன் மலையேறினார்.

ஸ்டுடியோ சுவரில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மேஜையில் இரண்டு ஹார்டு டிஸ்க். சந்தனமும் குங்குமமும் வைத்தது சுக்குநூறாகிக் கிடந்தது. பொட்டில்லாததில் ஒரு கீறல்கூட இல்லை.

"பொட்டு வெச்சதுலதான் அண்ணன் எடுத்த மொத்தப் படமும்," என்றான் அங்கே வேலை பார்த்த ராஜேஷ். "ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புது டிஸ்க் வாங்கி, எல்லாத்தையும் மாத்திப் பொட்டு வெப்பாரு. இன்னொன்னுல வெறும் சினிமா. எல்லாம் போச்சுங்க!"

"பழைய டிஸ்க்கெல்லாம்?" என்று துடித்தாள் சசிகலா.

"தூக்கிப் போட்டிருப்பாரு."

போளூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை மங்கம்மாள் மூலையில் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "தை பொறந்தா சாமை மூட்டை சீரா அனுப்புவானே! 'அடியில நாலு படி எப்பவும் வெய்யி, அம்மா வூட்டு சீர் வத்தக்கூடாது'ன்னுவானே!"

பஞ்சாட்சரம் சசிகலாவைப் போளூருக்கு விரட்டினார்.

மறுநாள் உள்ளூர் இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்தார். "ஆத்திரத்துல ஒடைக்கிறவன் ரெண்டையும் ஒடைப்பான். கோவிந்தனுக்கு டிஸ்க்னா இன்னான்னே தெரியாது. எதுல படம் இருக்குதுன்னு தெரிஞ்சவன்தான் ஒன்னை மட்டும் ஒடைச்சான்."

ராஜேஷ் எழுந்தான். "நான் எதுக்குங்க ஒடைக்கப் போறேன்?"

சசிகலா பையைத் திறந்தாள். குங்குமம் மங்கிய பழைய டிஸ்க்குகள். மேலெல்லாம் சாமைத் தூசு.

"மலைப் பனியில பூசணம் புடிக்கும்னு பழசையெல்லாம் மூட்டைக்குள்ள வெச்சுக் கீழ அனுப்பியிருக்காரு. போன கோடையில எடுத்த காட்டுப் படத்துல, ஓரமா நீ சந்தன மரம் வெட்டுறே. இப்பதான் அது அவரு கண்ணுல பட்டிருக்கணும். சண்டையில கோவிந்தன் விட்டுட்டுப் போன கொடுவாளும் உனக்குத் தோதாப் போச்சு."

ராஜேஷ் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிச் சசிகலாவின் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தும் அவள் பையை விடவில்லை. நாலு போலீஸ்காரர்கள் அவனைத் தரையில் போட்டு அமுக்கினார்கள், வாயெல்லாம் ரத்தம்.

"எம் புருசன்?" என்றாள் வடிவு.

"வூட்டுக்கு வந்துடுவாரும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

மங்கம்மாள் ராஜேஷின் முடியைப் பிடித்து உலுக்கினாள். "வருசா வருசம் அந்த மூட்டைய பைக்ல கட்டினு வந்து எறக்கினது நீதானேடா, பாவி! உனக்கு டீ போட்டுக் குடுத்தனேடா!"