பாய்க்கு அடியில் வந்த பூச்சி

இந்தக் காலத்தில் பாம்பைக் கண்டால் ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. முதலில் கட்டை, அப்புறம் செல்போன். செத்ததைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் அது என்ன பாம்பு என்று கேட்பார்கள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் கட்டையடி கேட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். அது என் தம்பி மகன்களின் வீடு; தம்பி விட்டுப்போன பட்டறையை அண்ணனும் தம்பியுமாக நடத்திவந்தார்கள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"எலி, பெரியப்பா," என்றான் சின்னவன்.

மறுநாள் காலை ஆறு மணி. பெரியவன் செத்துக் கிடந்தான்.

முன் அறையில், தரையில் விரித்த பாயில். வாயோரம் நுரை. சட்டை முக்கியெடுத்தது போல வேர்வை. கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு உருண்டு கிடந்தது. வாசற்படி ஓரம் ஒரு பாம்பு, தலை நசுங்கி. கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டைகள்; கழுத்தருகே தடித்து, வால் பக்கம் போகப்போக மங்கியிருந்தன.

"கட்டுவிரியன்," என்றான் சின்னவன். "பூச்சி பூச்சின்னு அண்ணன் கத்துச்சு. ஓடி வந்தேன். பாய்க்கு அடியிலேர்ந்து வந்துச்சு, ஒரே போடு. சீக்கிரம் எடுத்துடலாம் பெரியப்பா. வெச்சுப் பாத்து என்ன ஆகப்போவுது?"

எங்கள் குடும்பத்தில் பாம்பை வாய்விட்டுப் பாம்பு என்று சொல்லமாட்டோம். பூச்சி என்போம். எனக்கு அது போதும்.

பெரியவன் மனைவிக்குப் போதவில்லை. விழுந்து புரண்டு அழவேண்டியவள் போலீஸுக்குப் போன் போட்டாள். அப்போதே எனக்கு அவள்மேல் சந்தேகம்.

வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பிணத்தின் வாயை மோந்து பார்த்தார். சொம்பையும் மோந்து பார்த்தார். பிறகு பாம்பருகே குந்தினார்.

"இது கட்டுவிரியன் இல்லை. வெள்ளிக்கோல் வரையன். பல்லி பிடிக்க வீட்டுக்குள்ள வரும், விஷம் கிடையாது. கட்டுவிரியனுக்குப் பட்டை கழுத்துகிட்ட மங்கலா இருக்கும், வாலுக்குப் போகப்போகத் தெளிவாத் தெரியும். இதுக்குத் தலைகீழ்."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எங்க ஸ்டேஷனுக்குத் திருடனைவிடப் பாம்புதான் ஐயா ஜாஸ்தி வருது." மனைவி பக்கம் திரும்பினார். "அவர் என்ன சொன்னார்? வாயில வந்ததை அப்படியே சொல்லும்மா."

"பூச்சின்னார். அப்புறம் 'ம... ம...'ன்னு இழுத்தார். அம்மாவைக் கூப்பிடுறார்னு நெனச்சேன்."

"பூச்சி மருந்து," என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் பெரியவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தோம். முற்றத்து ரோஜாச் செடிகளுக்கு மருந்தடிப்பவள் அவள். சொம்பில் தண்ணீர் வைப்பவளும் அவள்.

"அப்புறம் என்ன, விலங்கை மாட்டுங்க," என்றேன்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க, அண்ணி!" சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பண்ணியிருந்தா நான் எதுக்கு மாமா போலீஸைக் கூப்பிடப்போறேன்?"

இன்ஸ்பெக்டர் ஒரு குச்சியால் பாம்பை நடுவில் தூக்கினார். அது தொங்கவில்லை, விறைத்து நின்றது. வாயிலிருந்து எறும்புகள் உதிர்ந்தன.

"எப்ப அடிச்சே?"

"இப்பத்தான் மேடம். அண்ணன் கத்தினப்போ."

"இப்ப அடிச்சது கயிறாத் தொங்கும். இது கம்பா நிக்குது. தரையில ரத்தமும் இல்லை. நேத்து இங்க யாராவது எதையாவது அடிச்சாங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"குளியலறைக்குப் பின்னால," என்றாள் அவள். "எலின்னார் கொழுந்தனார். மாமாவும் எட்டிப் பாத்தார்."

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

"பாம்பு நேத்தே செத்தாச்சு," என்றார் சின்னவனிடம். "உங்க அண்ணன் இன்னிக்குச் சாகப்போறார்னு நேத்தே யாருக்குத் தெரியும்? கட்டுவிரியன்னு நெனச்சுப் பத்திரப்படுத்தினே. சொம்புல மருந்தைக் கலந்தே. நிஜக் கட்டுவிரியனா இருந்திருந்தா, நான் இந்நேரம் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன்."

"பட்டறையை விட்டுப் போடான்னுச்சு," என்றான் சின்னவன், யாரையும் பார்க்காமல். "நான் பொறந்தது அந்தப் பட்டறையில."

சின்னவனை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. அவள் வாசலுக்கு வந்தாள்.

"இப்பவாவது நம்புறீங்களா, மாமா?"

நான் செருப்பைத் தேடி மாட்டினேன். போலீஸ் அதட்டினால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான். சின்னவன் என் தோளில் வளர்ந்த பிள்ளை. அந்த மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தவள் யார்?

அவள் பதிலுக்குக் காத்து நின்றாள். நான் நடந்தேன்.