நாலு மணி போன்

காஜா பேராங்கில் அந்தப் பழைய வீட்டு வாசலில் கமலவேணி மூன்று சக்கரப் பேச்சா ரிக்ஷாவிலிருந்து இறங்கியபோது பிற்பகல் மூன்றரை மணி. நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மழை இன்னும் விழவில்லை. கறுத்த வானம் மட்டும் தாழ்ந்து வந்து ஓட்டுக்கூரையைத் தொடுவதுபோல் நின்றது.

ஜாலான் பெண்டஹாராவில் டாக்டர் சேதுபதியின் கிளினிக்கில் அவள் மிஸ்ஸி என்று கூப்பிடப்படும் நர்ஸ். இந்த வீட்டில் படுத்திருக்கும் கலியாணசுந்தரத்துக்கு எழுபத்திரண்டு வயது. இதயம் தளர்ந்து, கையிலும் காலிலும் நீர் கோத்துக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் ஜெயபாலன் போன வருஷக் கடைசியில் வந்தான். கூடத்தில் ஒரு போன் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனவன், பிறகு வரவில்லை.

தினமும் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் கமலவேணி கிளினிக்கிலிருந்து போன் போடுவாள். வேலைக்கார அம்மா பொன்னம்மா எடுப்பாள். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், மாத்திரை போட்டாரா என்று சொல்லுவாள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் பொன்னம்மா சொன்ன மூச்சுக் கணக்கைக் கேட்டுத்தான் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். அரை மணி தாமதித்திருந்தால் கிழவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

அதற்காக அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "மகன் வர வேண்டிய வீட்டுக்குக் கம்பிய அனுப்பிருக்கான். நீ அந்தக் கம்பிக்குக் கூலியா?" என்றுதான் கேட்டார்.

மாத்திரை தீரும் நாள் என்பதால் இன்று அவளே வந்திருந்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"பொன்னம்மா?"

உள்ளே கால் வைத்ததும் மூத்திர நெடி அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாடை, பல நாள் காயாத ஈரத்துணியின் வாடை. ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன.

அறையில் கலியாணசுந்தரம் கட்டில் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தரையில் தண்ணீர்க் குவளை உருண்டு கிடந்தது.

"பொன்னம்மா எங்க?"

"திங்கக்கிழமை… போயிட்டா." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு இழுத்தார். "பயந்து."

இன்று வியாழன். இந்த மூன்று நாளும் கமலவேணி போன் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. இன்று காலைகூட, பதினெட்டு மூச்சு, ரெண்டு தலையணை, கஞ்சி குடித்தார் என்றது குரல். கரகரத்த குரல். சளி பிடிச்சிருக்கா என்று இவள் கேட்டாள். ஆமா மிஸ்ஸி என்றது.

"அப்ப காலையில போன எடுத்தது யாரு?"

அவர் இவளைப் பார்க்கவில்லை. இவள் தோளுக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி."

அவர் மனைவி சந்திரமதி செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்தைக் கமலவேணி எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

"அவளுக்கும் இதே மூச்சுதான்," என்றார் கிழவர். "டாக்டரு வாசல் வரைக்கும் வந்தாரு. இவ நடிக்கிறான்னு நெனச்சேன். நல்லா இருக்கா, போங்கன்னு அனுப்பிட்டேன். உள்ள படுத்து… எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா."

பிராணவாயு குறைந்தால் மூளை இப்படித்தான் பிதற்றும் என்று கமலவேணி தனக்குச் சொல்லிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்து அவர் மூச்சை எண்ணினாள். நாற்பது. கூடத்துக்கு ஓடி டாக்டருக்குப் போன் போட்டாள். கைப்பிடி ஈரமாக இருந்தது.

"டாக்டர், நான் கமலவேணி. பெரியவருக்கு ரொம்ப மோசமா இருக்கு. உடனே வாங்க."

டாக்டரின் நிதானமான குரல் வந்தது.

"அப்படியா. நல்லா தூங்குறாரா? சரி பொன்னம்மா."

"டாக்டர், நான் மிஸ்ஸி பேசுறேன். கமலவேணி."

"மிஸ்ஸி இன்னும் வந்து சேரலையா? சரி, வந்தா திருப்பி அனுப்பிடு. இங்க கூட்டமா இருக்கு."

டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அவள் காதிலிருந்து கைப்பிடியை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. இணைப்பு அறுந்துபோன அந்தக் கம்பிக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சளி கட்டிய, நெஞ்சு பிளக்கும் மூச்சு.

"போயிரு மிஸ்ஸி," என்றது குரல். "அவரு நல்லா இருக்காரு."

அது காதுக்குள் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கமலவேணி திரும்பவில்லை. கைப்பிடியைப் போட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். அறைக்குள்ளிருந்து கிழவர் முதன்முறையாக அவளைக் கெஞ்சினார். "என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதம்மா. அவ உள்ள வந்துட்டா."

நின்றால் அவர் இங்கேயே செத்துவிடுவார். போனால் அவரை அந்தக் குரலோடு விட்டுப் போக வேண்டும். அவள் போனாள்.

மழை கொட்டத் தொடங்கியிருந்தது. எதிர்ச்சாரியில் மளிகைக்கடை வைத்திருந்த ஷம்சுதீன் விஷயத்தைக் கேட்டதும் வேன் சாவியை எடுத்தார். "வீட்ல பொம்பள ஆளு நடமாட்டம் இருந்திச்சே மிஸ்ஸி," என்றார். "நேத்துகூட ஜன்னலச் சாத்துனாங்க. அதான் நான் எட்டிப் பாக்கல லா."

இரண்டு பேரும் கிழவரை நாற்காலியோடு தூக்கினார்கள். நீர் கோத்த உடம்பென்றாலும் அவர் அளவுக்கு மீறிக் கனத்தார். வாசற்படியில் ஷம்சுதீன் நின்று மூச்சு வாங்கினார். "யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு," என்றார். பிறகு வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே தூக்கினார்.

மணி நாலு. பின்னால் கூடத்தில் போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள். அடிப்பது நின்றது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், பிராணவாயு வைத்தார்கள். ராத்திரிக்குள் மூச்சு இருபத்தாறுக்கு இறங்கியது. டாக்டர் சேதுபதி வந்து பார்த்துவிட்டு, போனில் தான் கேட்டது பொன்னம்மாவின் குரல்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கமலவேணி வாதாடவில்லை. பிழைத்துவிட்டார், அது போதும் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வார்டுக்கு வந்தாள். வெயில் நன்றாக அடித்தது. வார்டு மிஸ்ஸி கோகிலா சிரித்துக்கொண்டே எதிரே வந்தாள்.

"பெரியவரு நல்லா இருக்காரு அக்கா. அவரு வீட்டம்மா விடியக்காலையிலேர்ந்து கூடவே இருக்காங்க. பெரிய டாக்டர் ரவுண்டு வந்தப்ப, இப்பதான் கண்ணசந்தாரு, எழுப்பாதீங்கன்னாங்க. அவரும் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு."

கட்டிலைச் சுற்றித் துணித்தடுப்பு இழுத்து விட்டிருந்தது. கமலவேணி அதை விலக்கினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

கிழவர் தூங்கவில்லை. கண் அகலத் திறந்திருந்தது. பிராணவாயுக் குழாய் தலையணைக்குப் பின்னால் கிடந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

நீர் கோத்த சதையில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழும். அது மேலெழும்ப நேரமாகும். அவர் முன்கையில் நான்கு குழிகள் வரிசையாக இருந்தன. அடிப்பக்கத்தில் கட்டைவிரலின் குழி. கமலவேணி தன் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் விரலைவிட மெலிந்த விரல்கள்.

"கோகிலா," என்றாள் திரும்பாமல். "ஓடிப்போய் டாக்டரக் கூட்டிட்டு வா. யாரு என்ன சொன்னாலும் கேக்காத."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாத அவர் தோளில் புதிதாக ஒரு குழி மெல்ல இறங்கியது.