ஆளில்லாத பாறை

படத்தில் ஆள் இருந்தது. இருக்கக் கூடாது.

பாறை காலியாக வேண்டும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். பேர்போன காதல் நாவல் ஒன்றின் புதுப் பதிப்புக்கு அட்டைப்படம். "நான் சொல்ற வரைக்கும் அசையாம நில்லு" என்று சொல்லிப் போன காதலனுக்காக, அந்த நாவலின் நாயகி கடலோர மேட்டில் இந்தப் பாறையருகே நின்றே செத்துப்போவாள். வாசகர்கள் இன்றும் வந்து கண்ணைக் கசக்கிவிட்டுப் போகிறார்கள். அவர்களை விரட்ட வேண்டியதில்லை. கேமரா ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்தே வைத்தால் நடமாடுகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அசையாமல் நிற்பது மட்டுமே பதியும்.

மூடுபனியில் ஃபோகஸ் பிடிபடாததால்தான் அட்டைப்படம் எடுக்க வந்த புகைப்படக்காரி தன் அண்ணனை அங்கே அனுப்பினாள். லீவு போட்டு அவளுக்குக் காரோட்ட வந்தவன்.

"பாறைகிட்ட அசையாம நில்லுண்ணா. நான் சொல்ற வரைக்கும்."

"அதுக்குத்தானே ஆபீஸ்ல சம்பளமே தர்றாங்க" என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

ஃபோகஸ் கிடைத்ததும் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் இறங்கத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே, படங்களைத் தொடர்ந்து எடுக்கும்படி கேமராவை விட்டாள். ஈரப் புல்லின் வாசமும், கீழே அலை மோதித் திரும்பும் சத்தமும், காற்றில் கேமரா முக்காலி மெல்ல அதிரும் ஒலியும் சேர்ந்து அவளுக்குக் கண்ணைச் சொக்கவைத்த நேரத்தில் முதல் படம் கைபேசிக்கு வந்தது. பாறையருகில் அண்ணன், சட்டைப் பொத்தான் தெரியும் அளவுக்குத் துல்லியமாக. அவனை ஒட்டி, முதுகு காட்டியபடி ஒரு பெண்.

எரிச்சலோடு அழைத்தாள். "இன்னுமா அங்கேயே நிக்கிற? யாரது கூட?"

"நிக்கிறேனா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நடந்துகிட்டேதாம்மா இருக்கேன். பாறை என் பின்னாடியே இருக்கு. நீ கையைத்தான் காட்டின. வாயால சொல்லலையே."

"வா! வந்துடுண்ணா!"

இணைப்பு அறுந்திருந்தது.

அண்ணனை அங்கே நிறுத்தியது அவள்தான். கேமராவை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் ஓடினாள். பனி முன்னும் பின்னும் மூடிக்கொண்டது. புல் வழுக்கியது. பாறை தெரிந்தது. அண்ணன் இல்லை. கத்தினாள். தன் குரலே காதுக்கு எட்டவில்லை. அவன் ஒருவேளை இறங்கியிருப்பான் என்று திரும்பி ஓடினாள்.

ஓடிக்கொண்டே இருந்தாள். முக்காலி வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கையெட்டும் தூரத்தில் பாறை.

மறுபடி ஓடினாள். திரும்பினாள். பாறை.

கையில் கைபேசி அதிர்ந்தது. புதுப் படம்.

பாறையருகில் மூன்று பேர். அண்ணன். அந்தப் பெண். அவள். ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியவள், சிலைபோல் நின்றிருந்தாள்.

அந்தப் பெண் இப்போது முகத்தைத் திருப்பியிருந்தாள். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஓடி ஓடிக் களைத்தவளின் முகம் அது.

பனிக்குள் இடப்பக்கம் அண்ணனின் மூச்சிரைப்பு கேட்டது.

வலப்பக்கம் இன்னொன்று.